ஒரு மலை, இரண்டு மந்திரிசபை!
ஏலக்காய் மலையின் இரு பக்கமும் எந்தக் கட்சி என்ன செய்தது? ஓட்டு யாருக்கு விழுந்தது?

போடிநாயக்கனூரில் கோழி கூவுவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச் சட்டியும் கையுமாகப் பெண்கள் அதில் ஏறிக்கொள்வார்கள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் அதற்கு மேலும் ஆள் இருக்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் போடிமெட்டு. அங்கே ஒரு சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால் கேரளம்.

ஏலத் தோட்டங்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். களை எடுப்பது, காய் எடுப்பது, ஸ்டோரில் காயை உலர்த்துவது எல்லாம் அங்கே. பொழுது சாய்ந்தால் வீடு இங்கே. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவாரத்து ஊர்களில் இருந்தெல்லாம் இப்படிப் போகிறார்கள்.

கூலியை நிர்ணயிப்பது திருவனந்தபுரத்து மந்திரி. ரேஷன் அரிசியை நிர்ணயிப்பது சென்னை மந்திரி. இவர்களைப்போல இரண்டு ராஜ்யங்களின் ஆட்சியையும் ஒரே உடம்பில் அனுபவிப்பவர்கள் குறைவு. எந்தக் கட்சி நன்றாக ஆண்டது என்று கேட்டால், படித்தவர்கள் புத்தகத்தைப் புரட்டிச் சொல்வார்கள். இவர்கள் கூலிக் கவரையும் ரேஷன் கார்டையும் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் நன்றாக ஆண்ட கட்சிக்குத்தான் ஓட்டு விழுமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

எல்லைக்கோடு விழுந்தது

1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந்தேதி மொழிவாரி ராஜ்யங்கள் பிறந்தன. அதற்கு முன்பு தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. தேயிலைத் தோட்டங்களிலும் ஏலத் தோட்டங்களிலும் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே அந்தத் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1954-ல் தென் திருவிதாங்கூரில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிர் இழந்தார்கள்.

முடிவில் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும், செங்கோட்டையில் ஒரு பகுதியும் சென்னை ராஜ்யத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின.

மலை உச்சியில் கோடு விழுந்தது. கோட்டுக்கு இந்தப்பக்கம் காமராஜர் ஆட்சி. அந்தப்பக்கம் யார் ஆட்சி?

உலகம் திரும்பிப் பார்த்த தேர்தல்

1957-ல் கேரளத்தில் முதல் சட்டசபைத் தேர்தல். மொத்தம் 126 இடம். கம்யூனிஸ்டுகள் 60 இடங்களைப் பிடித்தார்கள். அவர்கள் ஆதரவு பெற்ற சுயேச்சைகள் 5 பேர். இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு முதல்-மந்திரி ஆனார். ஓட்டுப் பெட்டி மூலம் கம்யூனிஸ்டுகள் ஒரு ராஜ்யத்தைப் பிடித்தது உலகத்துக்கே வியப்பாக இருந்தது.

பதவி ஏற்ற கையோடு, குடியிருக்கும் இடத்தில் இருந்தும் பயிர் செய்யும் நிலத்தில் இருந்தும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் போட்டார்கள். பிறகு கல்விச் சட்டம், நிலச் சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இதற்கு நடுவில் தேவிகுளத்தில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. அங்கே கம்யூனிஸ்டு கட்சியைச் சேர்ந்த ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றிருந்தார். எதிர்த்து நிற்க வந்த பி.கே.நாயரின் மனுவைத் தள்ளுபடி செய்தது தவறு என்று தீர்ப்பு வந்தது. தேர்தல் செல்லாமல் போயிற்று. 1958 மே மாதம் மறுபடி ஓட்டுப்பதிவு.

மந்திரிசபைக்கு இருந்த பெரும்பான்மையோ நூலிழை. ஒவ்வோர் இடமும் உயிர். தோட்டத்தில் ஓட்டுப் போடுகிறவர்களோ தமிழர்கள். மலையாளத்தில் பேசினால் பாதி ஏறும், பாதி ஏறாது. என்ன செய்வது?

தேனிப் பக்கத்தில் பண்ணைப்புரம் என்ற ஊரில் இருந்து பாவலர் வரதராசன் போனார். ஆர்மோனியப் பெட்டியோடு லயம் லயமாகத் தமிழ்ப் பாட்டுப் பாடினார். அவருடைய தம்பிதான் இளையராஜா. ரோசம்மா புன்னூஸ் ஏழாயிரம் ஓட்டுகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாட்டுக்கும் பங்கு உண்டு என்று மலையில் சொல்லாதவர்கள் இல்லை.

மே மாதம் வெற்றி. அக்டோபர் மாதம் என்ன நடந்தது தெரியுமா?

போனஸ் கேட்டு மூணாறு பகுதித் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்யூனிஸ்டு தொழிற்சங்கம்தான் அதை நடத்தியது. கம்யூனிஸ்டு ஆட்சியின் போலீஸ் துப்பாக்கியால் சுட்டது. தொழிலாளர்கள் இரண்டு பேர் மாண்டார்கள். யாரை நம்பி ஓட்டுப் போட்டார்களோ அவர்களுடைய ஆட்சியிலேயே!

1959 ஜூலை 31-ந்தேதி மத்திய சர்க்கார் அந்த மந்திரிசபையைக் கலைத்தது. நிலச் சட்டமும் கல்விச் சட்டமும் பலரைப் பகைத்துக் கொண்டிருந்தன. 1960-ல் தேர்தல். காங்கிரசும், பிரஜா சோஷலிஸ்டும், முஸ்லிம் லீக்கும் கைகோத்து நின்றன. கம்யூனிஸ்டுகளுக்கு 29 இடம்தான் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1957-ல் நூற்றுக்கு 35 பேர் கம்யூனிஸ்டுக்கு ஓட்டுப் போட்டார்கள். 1960-ல் நூற்றுக்கு 39 பேர் போட்டார்கள். ஓட்டு கூடியது, இடம் பாதிக்கும் கீழே போயிற்று! எதிரிகள் சிதறி நின்றபோது 35 போதும். சேர்ந்து நின்றபோது 39 போதவில்லை. ஆட்சி நன்றாக இருந்ததா, இல்லையா என்பது ஒரு கணக்கு. யார் யாரோடு சேர்ந்தார்கள் என்பது வேறு கணக்கு. கேரளத்தில் இரண்டாவது கணக்குதான் பல தடவை முந்திக்கொண்டது.

காமராஜர் ஆட்சியும் 1967-ம்

இப்போது கோட்டுக்கு இந்தப்பக்கம் வருவோம்.

1954-ல் காமராஜர் முதல்-மந்திரி ஆனார். பள்ளிக்கூடம் இல்லாத ஊர்களில் பள்ளிக்கூடம் வந்தது. மதிய உணவு வந்தது. 1959-ல் ஆண்டிப்பட்டி பக்கத்தில் வைகை அணை திறக்கப்பட்டது. போடி தொகுதியில் 1957-லும் 1962-லும் காங்கிரஸ் சார்பில் ஏ.எஸ்.சுப்பராஜ் வெற்றி பெற்றார்.

ஒரு ஆட்சியின் செய்கையைத் தராசில் நிறுத்தினால், காமராஜர் ஆட்சிக்குத் தட்டு தாழும். எதிர்க்கட்சிக்காரர்களே இதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் 1963-ல் அவர் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போனார். பக்தவத்சலம் முதல்-மந்திரி ஆனார். அரிசிப் பஞ்சம் வந்தது. 1965-ல் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி வெடித்தது. ரேஷன் கடை வாசலில் கால் கடுக்க நின்றவனுக்கு, பத்து வருஷத்துக்கு முன்பு கட்டிய பள்ளிக்கூடம் நினைவுக்கு வருமா?

தி.மு.க. அரிசியைப் பற்றிப் பேசியது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றது. எதிர்க்கட்சிகளைக் கூட்டாகச் சேர்த்தது. 1967-ல் 137 இடங்களோடு அண்ணா ஆட்சிக்கு வந்தார். காமராஜர் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார்.

அதே 1967. மலைக்கு அந்தப்பக்கம் காங்கிரசுக்கு எத்தனை இடம்? 133-ல் 9! ஒன்றுபட்ட ஏழு கட்சிகள் காங்கிரசைத் தூக்கி எறிந்தன. இ.எம்.எஸ். மறுபடி முதல்-மந்திரி ஆனார். ஒரே வருஷத்தில் மலையின் இரு சரிவிலும் காங்கிரஸ் கவிழ்ந்தது. கேரளத்தில் கூட்டணிகளில் ஏறிப் பிறகு பல தடவை ஆட்சியைப் பிடித்தது. தமிழ்நாட்டில் பிடிக்கவில்லை.

நல்லது செய்து தோற்பது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து அல்ல. கனடா தேசத்தில் சஸ்காச்சுவான் என்று ஒரு மாகாணம் உண்டு. கோதுமை விளைகிற பூமி. அங்கே 1944 முதல் ஆண்ட கட்சி, 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவை அரசே ஏற்கும்படி செய்தது. 1962-ல் டாக்டர் செலவையும் அரசே ஏற்றது. டாக்டர்கள் 23 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆட்சி விட்டுக்கொடுக்கவில்லை. அந்தத் திட்டத்தைப் பின்னால் கனடா முழுவதுமே எடுத்துக்கொண்டது. ஆனால் 1964 தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது! ஜெயித்த கட்சியும் திட்டத்தைக் கைவிடவில்லை. ஆட்சி போயிற்று, செய்த வேலை நின்றது.

ஏற்றம் போல ஆடிய ஆட்சிகள்

கிணற்று ஏற்றம் ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கும். கேரளத்தில் 1982 முதல் அப்படித்தான். ஒரு தடவை காங்கிரஸ் அணி, அடுத்த தடவை இடதுசாரி அணி. 2016 வரை இது தவறவே இல்லை. தமிழ்நாட்டில் 1977, 1980, 1984 மூன்று தேர்தலிலும் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1989 முதல் இங்கேயும் ஏற்றம்தான். தி.மு.க., அ.தி.மு.க., தி.மு.க., அ.தி.மு.க. என்று 2011 வரை மாறி மாறி வந்தது.

அந்த 1989 தேர்தலில் போடிக்கு ஒரு தனிப் பெருமை கிடைத்தது. அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, ஜெயலலிதா அணி சேவல் சின்னத்திலும், ஜானகி அணி இரட்டைப் புறா சின்னத்திலும் நின்றன. ஜெயலலிதா முதன்முதலாகச் சட்டசபைக்கு நின்ற தொகுதி போடிநாயக்கனூர். ஜானகி அணி நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நிறுத்தியது. நட்சத்திரங்களைப் பார்க்கவே கூட்டம் அலை மோதியது. ஜெயலலிதா 28 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். ராஜ்யம் தி.மு.க.வுக்குப் போனது. போடி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். தமிழ்நாட்டுச் சட்டசபையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண்மணி அவர்தான்.

ஏன் இப்படி மாற்றி மாற்றி ஓட்டுப் போட்டார்கள்? நல்லது செய்யவில்லை என்பதாலா? அப்படியும் சொல்ல முடியாது. 2006-ல் வந்த தி.மு.க. ஆட்சி வீட்டுக்கு வீடு டி.வி. கொடுத்தது. கிலோ அரிசியை 2 ரூபாய்க்குக் கொடுத்து, 2008-ல் 1 ரூபாயாகவும் குறைத்தது. ஆனால் மின்வெட்டு மக்களை வாட்டியது. டி.வி. இருந்தது; கரண்ட் இல்லை! 2011-ல் தி.மு.க.வுக்கு 23 இடம்தான் மிஞ்சியது. ஜெயலலிதா வந்து அரிசியை இலவசமாகவே ஆக்கினார்.

அதே 2011 ஏப்ரல் 13-ந்தேதி கேரளத்திலும் ஓட்டுப்பதிவு. அங்கே அச்சுதானந்தன் ஆட்சி தோற்றது. ஆனால் எப்படி? 72-க்கு 68! நான்கே இடம் வித்தியாசம்.

கூலி அங்கே, அரிசி இங்கே

தோட்டத் தொழிலாளியின் கண்ணால் பார்த்தால் இரண்டு ராஜ்யங்களின் வேறுபாடு பளிச்சென்று தெரியும்.

கேரளத்தில் எந்தக் கட்சி வந்தாலும் தொழிற்சங்கத்துக்குப் பயப்படும். காங்கிரசுக்கும் சங்கம் உண்டு. கம்யூனிஸ்டுக்கும் சங்கம் உண்டு. அதனால் கூலி ஏறியது. 1980-ல் நாயனார் ஆட்சி, விவசாயக் கூலிகளுக்கு மாதம் 45 ரூபாய் பென்ஷன் கொடுக்கத் தொடங்கியது. சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் பென்ஷன் என்று இருந்த காலம் அது. அடுத்து வந்தவர்கள் அதை நிறுத்தவில்லை. கூட்டினார்கள்.

தமிழ்நாட்டில் சங்கத்தை விட ரேஷன் கடைக்கும் சத்துணவுக் கூடத்துக்கும்தான் மரியாதை. 1982-ல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டத்தை, கருணாநிதி முட்டை போட்டுப் பெரிதாக்கினார். கூலி வேலைக்கு மலை ஏறிப்போகும் தாய், பிள்ளை மத்தியானம் பட்டினி கிடக்குமே என்று கவலைப்படாமல் போனாள் என்றால், அதற்கு இரண்டு கட்சிகளுமே காரணம்.

கோட்டைத் தாண்டிப் போகிறவர்களுக்கு இரண்டு நன்மையும் பாதிப் பாதி கிடைக்கும். கூலி கேரளத்துக் கூலி. ஆனால் வெளியூர்த் தினக்கூலியாகப் போனால் நிரந்தரத் தொழிலாளிக்குரிய சலுகைகள் சுலபத்தில் எட்டாது. 2021-ல் தமிழ்நாட்டில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆயிற்று. ஆனால் எஸ்டேட்டுக்கு ஏறும் ஜீப்புக்குக் காசுதான்.

ஒரு விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏமாற்றம். கேரளத்தின் நிலச் சீர்திருத்தம் உலகப் பிரசித்தம். 1970 ஜனவரி 1 முதல் அது முழு மூச்சாக அமல் ஆயிற்று. குடிசை போட்டு இருந்தவனுக்கு, கிராமப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை சொந்தம் ஆயிற்று. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு. நெல் வயல் கூலிக்குக் குடிசை சொந்தமாயிற்று. லயத்தில் தலைமுறை தலைமுறையாக இருந்தவனுக்கு, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. இடதுசாரி, வலதுசாரி இரண்டும் மாறி மாறி ஆண்டும் இந்த ஓட்டை அடைபடவில்லை.

மூணாற்றை உலுக்கிய பெண்கள்

2015 செப்டம்பர். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்தில் போனசை 20 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாகக் குறைத்தார்கள். பெண்கள் கொதித்து எழுந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசும் பெண்கள். 'பெண்கள் ஒற்றுமை' என்பதைத் தோட்டத்துப் பேச்சில் 'பொம்பிளை ஒருமை' என்றார்கள். அதுவே அவர்கள் அமைப்பின் பெயர் ஆயிற்று.

ஆயிரக்கணக்கான பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சியின் சங்கமும் வேண்டாம் என்றார்கள். சங்கத் தலைவர்கள் கம்பெனியோடு சேர்ந்துவிட்டார்கள் என்பது அவர்கள் புகார். மார்க்சிஸ்டு எம்.எல்.ஏ. ராஜேந்திரன் வந்தபோது அவரைத் திருப்பி அனுப்பினார்கள். முதியவர் அச்சுதானந்தன் வந்தபோது மட்டும் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். அப்போது உம்மன் சாண்டி ஆட்சி. ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பிறகு கம்பெனி இறங்கி வந்தது. 20 சதவீதம் கிடைத்தது.

அடுத்த மாதம் கூலியும் உயர்ந்தது. தேயிலைக்கு 232 ரூபாயில் இருந்து 301 ரூபாய். ஏலத்துக்கு 267-ல் இருந்து 330 ரூபாய். மூணாற்றுப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்ததால், போடியில் இருந்து ஜீப்பில் போன பெண்ணுக்கும் கூலி கூடியது!

இவ்வளவு செய்தவர்களுக்குத் தேர்தலில் என்ன கிடைத்தது? 2015 உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்கள் கிடைத்தன. 2016 சட்டசபைத் தேர்தலில் தேவிகுளத்தில் அவர்கள் நிறுத்திய பெண் வேட்பாளருக்கு ஆயிரம் ஓட்டுகூட விழவில்லை. அவர்கள் திருப்பி அனுப்பிய ராஜேந்திரன் 5,782 ஓட்டு வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். கூலியை உயர்த்திய காங்கிரஸ் அணி தோற்றது. அங்கே நின்ற அ.தி.மு.க. வேட்பாளருக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது!

ரோட்டில் உட்கார்வது வேறு. பூத் கமிட்டி வைத்து, ஓட்டர் பட்டியலைக் கையில் பிடித்து, ஜீப் விட்டு ஆள் கொண்டுவருவது வேறு. கட்சிகளுக்கு இரண்டாவது வித்தை அத்துப்படி.

தண்ணீரில் எல்லாக் கட்சியும் ஒன்று

ஒரு விஷயத்தில் மட்டும் கட்சி வேறுபாடு கிடையாது. முல்லைப் பெரியாறு! 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணை. தண்ணீர் நிற்பது கேரளத்தில், பாய்வது தமிழ்நாட்டில். நீர்மட்டத்தை 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடி தேக்கலாம் என்று 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது. கேரளம் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது.

2011 டிசம்பரில் இரு பக்கமும் கொந்தளித்தது. கேரளத்தில் காங்கிரசும் மார்க்சிஸ்டும் ஒரே குரலில் புதிய அணை கேட்டன. தமிழ்நாட்டில் தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் ஒரே குரலில் எதிர்த்தன. மலைக்கு அந்தப்பக்கத்துத் தோழர் ஒன்று சொன்னார். இந்தப்பக்கத்துத் தோழர் வேறு ஒன்று சொன்னார். குமுளி எல்லை அடைபட்டது. ஜீப்புகள் நின்றன. தோட்டத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளிகள் பலர் பயந்து இறங்கி வந்தார்கள். காய் செடியில் முற்றியது. அடுப்பில் உலை ஏறவில்லை. அந்த நாட்களில் கூலி இழந்தவர்களுக்காகப் பேச எந்தக் கட்சிக்கும் அவசரம் இல்லை.

2014 மே 7-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் 142 அடி என்று உறுதி செய்தது.

பொட்டிபுரத்தில் ஒரு குகை

போடி மலைத்தொடரின் அடிவாரத்தில், தேவாரம் பக்கம், பொட்டிபுரம் என்று ஒரு சிற்றூர். அதன் பெயர் டில்லி வரை எட்டியதற்குக் காரணம் நியூட்ரினோ.

நியூட்ரினோ என்பது அணுவை விட நுண்ணிய துகள். சூரியனில் இருந்து கோடிக்கணக்கில் வருகிறது. நம் உடம்பையும் ஊடுருவிப் போகிறது. நமக்குத் தெரிவதே இல்லை. அதைப் பிடித்து ஆராய வேண்டுமானால் மற்றத் துகள்கள் வராத இடம் வேண்டும். அதற்காக மலையைக் குடைந்து, தலைக்கு மேல் ஒரு கிலோ மீட்டருக்கு மேல் பாறை இருக்கும்படி ஒரு குகை அமைத்து, அதில் 50 ஆயிரம் டன் எடையுள்ள இரும்புக் கருவியை வைப்பதாகத் திட்டம். முதலில் நீலகிரியில் சிங்காராவைப் பார்த்தார்கள். யானைகள் நடமாடும் இடம் என்று 2009-ல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகு பொட்டிபுரம்.

அ.தி.மு.க. ஆட்சியில் நிலம் ஒதுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் மத்திய சர்க்கார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. வெடி வைத்தால் நிலத்தடி நீர் போய்விடும், அணைக்கு ஆபத்து என்று அடிவாரத்து மக்கள் பயந்தார்கள். அப்படி எதுவும் ஆகாது என்றார்கள் விஞ்ஞானிகள். வைகோ ஊர் ஊராகப் பிரசாரம் செய்தார். மதுரை ஐகோர்ட்டில் வழக்கும் போட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2011-லும் 2016-லும் 2021-லும் போடியில் ஜெயித்தவர் ஓ.பன்னீர்செல்வம். பொட்டிபுரத்தில் இத்தனை கூட்டம், இத்தனை கோஷம் நடந்தும் அவருடைய வெற்றியை அது தடுக்கவில்லை. ஆட்சி மாறியது. 2022-ல் தி.மு.க. அரசு, புலிகள் நடமாடும் பாதை அது, அனுமதிக்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட்டில் தெரிவித்தது. கோட்டையில் கட்சி மாறினால் மலைக்கு விதியும் மாறுகிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2021: ஒரே நாள், இரண்டு முடிவு

தமிழ்நாட்டில் ஏற்றத்தை நிறுத்தியது 2016. ஜெயலலிதா 134 இடம் பிடித்து மறுபடி வந்தார். 1984-க்குப் பிறகு ஆளும் கட்சியே திரும்ப வந்தது அதுதான் முதல் தடவை. கேரளத்தில் ஏற்றத்தை நிறுத்தியது 2021. பினராயி விஜயன் 99 இடங்களோடு திரும்ப வந்தார். அங்கே 1977-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான்.

2021 ஏப்ரல் 6-ந்தேதி இரண்டு ராஜ்யங்களிலும் ஓட்டுப்பதிவு. போடி மலையின் அந்தப்பக்கத்துத் தொகுதி உடும்பன்சோலை. ஏலக்காயின் தாய்வீடு. அங்கே மார்க்சிஸ்டு வேட்பாளர் எம்.எம்.மணி. தோட்டக் கூலியாக இருந்து மேலே வந்தவர். 2016-ல் அவர் ஜெயித்தது வெறும் 1,109 ஓட்டில். பிறகு மின்சார மந்திரி ஆனார். 2017-ல் மூணாற்றுப் பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காகப் பெண்கள் மறுபடி ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதே வருஷம், கரண்ட் இல்லாத வீடே இல்லை என்று கேரளம் அறிவித்தது.

எதிர்த்து நின்றவர் காங்கிரசின் இ.எம்.ஆகஸ்தி. மணி பெரிய வித்தியாசத்தில் ஜெயிப்பார் என்று டி.வி.யில் கணிப்புச் சொன்னார்கள். நான் தோற்றால் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று ஆகஸ்தி சவால் விட்டார். பெட்டி திறந்தது. மணிக்கு 38,305 ஓட்டு அதிகம்! ஆகஸ்தி சொன்ன சொல் தவறவில்லை. மொட்டை போட்டுக்கொண்டார்.

1,109 எப்படி 38,305 ஆயிற்று? 2016-ல் 600 ரூபாயாக இருந்த பென்ஷன், 2021 தேர்தலின்போது 1,600 ரூபாய். தமிழ்நாட்டில் அப்போது முதியோர் பென்ஷன் 1,000 ரூபாய். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு மளிகைப் பை. இது செய்கை. 2020-ல் ஜோஸ் கே. மாணியின் கேரள காங்கிரஸ் இடதுசாரிப் பக்கம் தாவியது. மலைநாட்டில் அதற்கு ஓட்டு உண்டு. இது கூட்டணி. இரண்டும் சேர்ந்தபோதுதான் இவ்வளவு பெரிய வெற்றி.

இந்தப்பக்கம்? பத்து வருஷ அ.தி.மு.க. ஆட்சி வீழ்ந்தது. தி.மு.க. தனியாகவே 133 இடம் பிடித்தது. தேனி மாவட்டத்தில் ஆண்டிப்பட்டி, பெரியகுளம், கம்பம் மூன்றும் தி.மு.க.வுக்கு. போடி மட்டும் அ.தி.மு.க.வுக்கு. அங்கே ஓ.பன்னீர்செல்வம் தி.மு.க.வின் தங்கதமிழ்செல்வனை 11,021 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். சொந்த மண்ணில் வேட்பாளரின் செல்வாக்கு, ராஜ்யம் முழுதும் அடித்த காற்றைத் தாங்கியது.

இரண்டு ஓட்டு, ஒரு ஆள்

இரண்டு பக்கமும் ஒரே நாளில் ஓட்டு என்றால் ஒரு தலைவலி உண்டு. எஸ்டேட்டில் ஓர் ஓட்டு, ஊரில் ஓர் ஓட்டு என்று சிலர் பெயர் இரண்டு பட்டியலிலும் இருக்கும். சட்டப்படி அது குற்றம். ஆனால் பல வருஷம் லயத்தில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவன், அங்கே பேரை நீக்கச் சொல்லி மனுப் போட்டிருப்பானா? அவனுக்கே தெரியாது. கட்சிக்காரர்களுக்குத் தெரியும்! 2021-ல் இரட்டை ஓட்டுப் பிரச்சினை கேரள ஐகோர்ட்டு வரை போயிற்று. ஓட்டுப்பதிவின்போது இடுக்கி எல்லைச் சாவடிகளில் காவல் போட்டார்கள்.

அந்தத் தேர்தலில் தேவிகுளத்தில் ஜெயித்தவர் மார்க்சிஸ்டு கட்சியின் ஏ.ராஜா. கேரளச் சட்டசபையில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். வாசகத்தில் ஒரு பகுதி விட்டுப்போயிற்று என்று, மறுபடி ஒரு தடவை தமிழிலேயே எடுக்க வேண்டியதாயிற்று. முதல் உறுதிமொழி செல்லாததால், சபையில் உட்கார்ந்த நாட்களுக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் அபராதமும் கட்டச் சொன்னார்கள். தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி இல்லை என்று 2023-ல் கேரள ஐகோர்ட்டு தேர்தலை ரத்து செய்தது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு, அந்தத் தீர்ப்பைத் தள்ளி, அவருடைய வெற்றி செல்லும் என்று கூறியது.